பந்தயப் பணம் யாருடையது?

1921 மார்ச் மாதம். கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 52 வயது இமானுவேல் லாஸ்கர், தன்னைவிட இருபது வயது இளையவரான ஹோசே ராவுல் காபாபிளாங்காவின் எதிரில் உட்கார்ந்தார். லாஸ்கர் 27 ஆண்டுகளாக உலக செஸ் சாம்பியன். பெர்லின் குளிரிலிருந்து வந்தவருக்கு வெப்பமண்டலத்துப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதினான்கு ஆட்டங்களில் பத்து டிரா, நான்கு தோல்வி. ஒன்றில்கூட வெற்றி இல்லை. பட்டம் கைமாறியது.

ஆனால் பணம் அப்படிப் போகவில்லை. மொத்தப் பரிசு 20,000 டாலர். அதில் 11,000 டாலர் லாஸ்கருக்கு, வென்றாலும் தோற்றாலும். ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிய ஒப்பந்தம் அது. ஒரு ஆட்டத்தைக்கூட இழக்காமல் பட்டம் வென்ற காபாபிளாங்காவுக்கு அந்த ஒப்பந்தப்படி மிஞ்சியது 9,000.

லாஸ்கரைப் பணத்தாசை பிடித்தவர் என்று அந்தக் காலத்திலேயே பலர் திட்டினார்கள். அந்தப் பழி நியாயமில்லாதது. தன் சேமிப்பை முதல் உலகப் போரின்போது ஜெர்மன் போர்க் கடன் பத்திரங்களில் போட்டு இழந்தவர் அவர். 27 ஆண்டு சாம்பியனாக இருந்தும் முதுமைக்கு என்று எதுவும் கையில் நிற்கவில்லை. அது மட்டுமல்ல, தனக்கு முன்னால் சாம்பியனாக இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவர்.

அந்த முன்னவர் வில்ஹெல்ம் ஸ்டெய்னிட்ஸ். 1886-இல் நியூயார்க், செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று மூன்று நகரங்களில் நடந்த போட்டியில் யோகன்னஸ் ஸுகர்டோர்ட்டை வென்று முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் ஆனவர். அன்று பட்டப் போட்டிக்குப் 'பரிசுத்தொகை' என்ற ஒன்று கிடையாது. இருந்தது பந்தயப் பணம். இரு தரப்பும் ஆளுக்கு 2,000 டாலர் கட்டவேண்டும். வென்ற தரப்பு மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளும். சேவல் கட்டுக்குப் போடும் பணத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பணத்தைப் போட்டவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் ஆதரவாளர்கள். தோற்றவருக்கு அந்தப் பந்தயப் பணத்தில் பங்கில்லை. ஸுகர்டோர்ட் உடல் நொந்து போய், இரண்டே ஆண்டில் லண்டனில் இறந்தார்.

வென்ற ஸ்டெய்னிட்ஸ் மட்டும் நன்றாக இருந்தாரா? 1894-இல் இளைஞர் லாஸ்கர் அவருக்குச் சவால் விட்டபோது பேச்சு ஆளுக்கு 5,000 டாலரில் தொடங்கியது. பிறகு 3,000-க்கு இறங்கியது. லாஸ்கரால் அதையும் திரட்ட முடியவில்லை. கடைசியில் 2,000 டாலருக்கு ஸ்டெய்னிட்ஸ் சம்மதித்தார், பட்டத்தையும் இழந்தார். 1896-97 மறுபோட்டியில் மாஸ்கோவில் மறுபடி தோற்றார். மனநிலை பிசகி அங்கேயே ஒரு மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1900 ஆகஸ்டில் நியூயார்க்கில், வார்ட்ஸ் தீவில் இருந்த மனநல மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. மனைவிக்கும் இரண்டு சிறு குழந்தைகளுக்கும் அவர் விட்டுச்சென்றது வறுமை. இன்று உலகத்தின் ஒவ்வொரு செஸ் பயிற்சி வகுப்பிலும் கற்றுத்தரப்படும் அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்த மனிதரின் முடிவு இது.

இதைப் பார்த்த பிறகு லாஸ்கர் ஒவ்வொரு போட்டிக்கும் கறாராகப் பேரம் பேசியதில் என்ன தவறு? கலைஞனும் விளையாட்டு வீரனும் காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று எதிர்பார்ப்பது, அவர்களுடைய உழைப்பை இலவசமாக ரசிக்க விரும்புகிறவர்களின் வாதம்.

பிழை இருந்தது வேறு இடத்தில். பணத்தைத் திரட்டும் சுமை யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் சவால் விடுகிறவரின் தலையில் விழுந்தது. அதனால் சவால் விடும் உரிமையே திறமையிலிருந்து நழுவி, பணக்கார நண்பர்கள் உள்ளவரின் கைக்குப் போனது.

1922-இல் காபாபிளாங்கா இதை எழுத்திலேயே சட்டமாக்கினார். 'லண்டன் விதிகள்' என்று பெயர். அலெகின், போகோல்யூபோவ், ரூபின்ஸ்டீன், ரெட்டி போன்ற முன்னணி வீரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். உலக சாம்பியனுடன் மோத வேண்டுமா, குறைந்தது 10,000 டாலர் கொண்டு வா என்பது அதன் சாரம். அதில் 20 சதவீதம் முதலில் சாம்பியனுக்குக் கட்டணம். மீதியில் வென்றவருக்கு 60, தோற்றவருக்கு 40 சதவீதம். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 10,000-இல் 2,000 சாம்பியனுக்கு. மீதி 8,000. அதில் வென்றவர் பங்கு 4,800, தோற்றவர் பங்கு 3,200. ஆக, சாம்பியன் தோற்றால்கூட அவர் கையில் 5,200 டாலர். ஊர் ஊராக அலைந்து அந்தப் பணத்தைத் திரட்டி, ஆடி, ஜெயித்துப் பட்டத்தையும் பறித்த புது சாம்பியன் கையில் 4,800!

தோற்றவருக்கும் பங்கு உண்டு என்று வைத்ததில் லண்டன் விதிகள் ஸ்டெய்னிட்ஸ் காலத்தைவிட ஒரு படி மேல். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த 10,000 டாலர் ஒரு கோட்டை மதிலாக நின்றது. ஆரோன் நிம்சோவிச் 1926-இல் சவால் விட்டார்; பணம் திரளவில்லை, போட்டி நடக்கவில்லை. லண்டன் விதிகளுக்கும் முன்பே பணத்தால் தடுக்கப்பட்ட அகிபா ரூபின்ஸ்டீன் கதை இன்னும் வேதனையானது. 1912-இல் ஒரே ஆண்டில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம் பிடித்து, உலகமே அடுத்த சாம்பியன் என்று பேசிய மனிதர். லாஸ்கருடன் மோதுவதற்கான பணமும் பேச்சும் இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக 1914 இலையுதிர் காலத்துக்கு நாள் குறிக்கும்போது போர் மூண்டுவிட்டது. அவருடைய உச்ச காலம் அதோடு போயிற்று. செஸ் வரலாற்றில் ஆடப்பட்ட ஆட்டங்களைத்தான் நாம் புத்தகங்களில் பார்க்கிறோம். பணமில்லாததால் ஆடப்படாமல் போன ஆட்டங்களுக்குப் புத்தகம் இல்லை.

அலெக்சாண்டர் அலெகினுக்கு மட்டும் அர்ஜென்டினா கைகொடுத்தது. 1927-இல் புவனோஸ் ஐரிசில் 34 ஆட்டங்கள் நீண்ட போட்டியில் காபாபிளாங்காவை வீழ்த்தினார். உடனே காபாபிளாங்கா மறுபோட்டி கேட்டார். அலெகின் சொன்ன பதில், காபாபிளாங்காவே எழுதிய விதி: 10,000 டாலர் கொண்டு வா. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்த பிறகு அந்தத் தொகையைத் தருவதற்கு ஆளில்லை. இருவருக்கும் இடையே கசப்பும் முற்றியது. அந்த மறுபோட்டி நடக்கவே இல்லை. பிறருக்காகக் கட்டிய மதிலுக்கு வெளியே கட்டியவரே நின்றார். 1946-இல் அலெகின் போர்ச்சுகலில் ஒரு ஓட்டல் அறையில் கையில் காசில்லாமல், தனியாக இறந்து கிடந்தார். சாம்பியன் பட்டம் அப்போதும் அவரிடம்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே பட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1948 முதல், சவால் விடுபவர் தகுதிப் போட்டிகளில் வென்று வரவேண்டும், பணத்தோடு வரவேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றத்தின் மதிப்பு எந்தப் பரிசுத்தொகையையும்விடப் பெரியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பட்டம் சோவியத் வீரர்களிடையே சுற்றியது. அவர்களுக்கு அரசு உதவித்தொகை இருந்தது, வீடு இருந்தது, பயிற்சியாளர் இருந்தார். பரிசு என்று கொடுக்கப்பட்டது சொற்பம்.

அந்த நிலையை உடைத்தவர் பாபி ஃபிஷர். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் அன்றைய சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கியுடன் மோத 1,25,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. செஸ் அதுவரை கனவிலும் காணாத தொகை. ஃபிஷருக்குப் போதவில்லை. நுழைவுச்சீட்டு வசூலிலும் பங்கு கேட்டார். தொடக்க விழா நடந்தது, அவர் வரவில்லை. ஃபிடே தலைவர் மேக்ஸ் யூவே முதல் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார். அந்த நேரத்தில் லண்டனைச் சேர்ந்த நிதியாளர் ஜிம் ஸ்லேட்டர் தன் பணத்திலிருந்து 50,000 பவுண்டு தருவதாக அறிவித்தார். பரிசு ஒரே நாளில் இரட்டிப்பாகி 2,50,000 டாலர் ஆனது. ஜூலை 4-ஆம் தேதி ஃபிஷர் விமானத்திலிருந்து இறங்கினார். எட்டில் ஐந்து பங்கு வென்றவருக்கு, மூன்று பங்கு தோற்றவருக்கு. ஃபிஷருக்கு 1,56,250 டாலர், ஸ்பாஸ்கிக்கு 93,750. தோற்று ஊர் திரும்பிய ஸ்பாஸ்கி கொண்டுபோன தொகை, அதற்கு முன் வென்ற எந்த உலக சாம்பியனும் கண்டிராதது.

ஃபிஷரின் பிடிவாதத்தை எல்லா விதத்திலும் ஆதரிக்க முடியாது. அவர் பலரை வதைத்தார், காக்க வைத்தார். ஆனாலும் இன்று ஒரு கிராண்ட்மாஸ்டர் தன் தொழிலைச் சொல்லி வீட்டுக்கு வாடகை பேச முடிகிறதென்றால், அதில் ஃபிஷரின் பங்கு இருக்கிறது.

1975-இல் மணிலா நகரம் ஃபிஷருக்கும் சவால் விடும் உரிமை பெற்ற கார்போவுக்கும் இடையிலான போட்டிக்கு 50 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஃபிஷர் விதித்த நிபந்தனைகளை ஃபிடே முழுதாக ஏற்கவில்லை. அவர் ஆட மறுத்துவிட்டார். ஒரு காய்கூட நகராமல் கார்போவ் சாம்பியன் ஆனார். பணம் எவ்வளவு குவிந்தாலும் அதனால் மட்டும் ஒரு ஆட்டத்தை நடத்திவிட முடியாது என்பதும் தெரிந்தது. அதே 50 லட்சம் டாலர் 1992-இல் யூகோஸ்லாவியாவில் வேறு முகத்தோடு வந்தது. ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் இருபது ஆண்டுக்குப் பிறகு மோதினார்கள். வென்ற ஃபிஷருக்கு 33.5 லட்சம் டாலர். உள்நாட்டுப் போரும் ஐ.நா. பொருளாதாரத் தடையும் இருந்த நாடு அது. பணம் போட்டவர் ஒரு தனியார் வங்கி அதிபர். அடுத்த ஆண்டே அந்த வங்கி கவிழ்ந்தது. கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு அதில் சேமிப்பைப் போட்டிருந்த சாதாரண மக்கள் தெருவில் நின்றார்கள். நம்மூரில் நிதி நிறுவனங்களில் பணத்தை விட்டவர்களுக்கு அந்த வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பரிசுத்தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1993-இல் சாம்பியன் காஸ்பரோவும் சவால் விட்ட நைஜல் ஷார்ட்டும் ஃபிடேயை விட்டு வெளியேறி லண்டனில் 17 லட்சம் பவுண்டுக்குத் தனியாக ஆடினார்கள். பரிசுத்தொகையில் ஃபிடே எடுத்துக்கொண்ட பங்கும், வீரர்களைக் கேட்காமலே இடத்தை முடிவு செய்ததும் அந்தப் பிளவுக்குக் காரணங்கள். 2006 வரை உலகத்துக்கு இரண்டு சாம்பியன்கள். அந்த ஆண்டு இரு தரப்பையும் இணைத்த கிராம்னிக்-டோபலோவ் போட்டியில் 10 லட்சம் டாலரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள்.

இந்தக் கதைக்குள் சென்னை வருவது விஸ்வநாதன் ஆனந்தோடு. 2010-இல் அவர் பட்டத்தைக் காக்க வேண்டியிருந்தது எதிராளி டோபலோவின் சொந்த நாட்டில், பல்கேரியாவின் சோஃபியாவில். 20 லட்சம் யூரோ அங்கிருந்து வந்ததால் பலகையும் அங்கே போனது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்று, கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

மூன்று ஆண்டில் காட்சி மாறியது. தமிழ்நாடு அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்க, 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் மேக்னஸ் கார்ல்சனும் மோதினார்கள். தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய நிகழ்வுதான். அதோடு இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடத்தை முடிவு செய்தபோது மற்ற நகரங்களிடம் திறந்த ஏலம் கேட்கவில்லை என்று கார்ல்சன் தரப்பு வருத்தப்பட்டது. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. சோஃபியாவில் நமக்கு வலித்தது என்றால், சென்னையில் நார்வேக்காரருக்கும் வலித்திருக்கும். பத்தே ஆட்டங்களில் பட்டத்தைக் கார்ல்சன் கொண்டுபோனார். பரிசு 60-க்கு 40 என்று பிரிந்தது. லாஸ்கர் தோற்றபோது வாங்கியதுபோல அல்லாமல், வென்றவருக்கு அதிகம், தோற்றவருக்கும் மதிப்பான தொகை.

குகேஷ் உலகப் பட்டம் வென்ற கதை அண்மையது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி, சிங்கப்பூர் செந்தோசா தீவில், பதினான்காவது ஆட்டத்தில் அன்றைய சாம்பியன் டிங் லிரென் தன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திய அந்த நொடியில் குகேஷ் முகத்தில் வந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டில் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் 11 கோடி ரூபாய் என்று தலைப்பு. அந்தத் தொகை வந்த விதம் கவனிக்க வேண்டியது. மொத்தம் 25 லட்சம் டாலர். வெல்லும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 2 லட்சம். குகேஷ் மூன்று ஆட்டங்களில் வென்றார், 6 லட்சம். டிங் இரண்டில், 4 லட்சம். மிச்சமிருந்த 15 லட்சத்தை இருவரும் பாதி பாதி. ஆக குகேஷுக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம். துணிந்து வெற்றிக்கு ஆடுகிறவருக்குக் கூலி, கடைசிவரை போராடித் தோற்றவருக்கு மரியாதை. 1886 முதல் பார்த்துவந்தால் இதுவரை வந்த பிரிப்பு முறைகளில் இதுதான் நியாயத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பலகை வரை வருவதற்கு யார் பணம் போட்டார்கள்? ஆரம்ப ஆண்டுகளில் அரசோ சம்மேளனமோ அல்ல. மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரான அப்பா தன் மருத்துவத் தொழிலை ஏறக்கட்டினார். நுண்ணுயிரியல் வல்லுநரான அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஸ்பான்சர் யாரும் இல்லாத ஆண்டுகளில் பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்தார்கள். குகேஷே இதைப் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். நிம்சோவிச்சும் ரூபின்ஸ்டீனும் சுமந்த அதே சுமை இன்று பத்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் தோளுக்கு இறங்கியிருக்கிறது. பட்டம் வென்ற பிறகு கோடிகளை அறிவிப்பது எளிது, அதில் தவறும் இல்லை. தமிழ்நாடு அரசு குகேஷுக்கு 5 கோடி கொடுத்தது நல்ல காரியம். அந்தக் கோடிகளில் ஒரு பகுதி, ஐரோப்பியப் போட்டிகளுக்கு விமானச் சீட்டு எடுக்கக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே போய்ச் சேரவேண்டும்.

இன்னொரு மதிலும் இடியாமல் நிற்கிறது. 2025 ஏப்ரலில் சீனாவில் நடந்த பெண்கள் உலகப் பட்டப் போட்டியின் மொத்தப் பரிசு 5 லட்சம் யூரோ. சிங்கப்பூரில் தோற்ற டிங் ஒருவர் மட்டும் வாங்கியதில் பாதியை ஒட்டித்தான் அந்தத் தொகை வருகிறது. அதை இரண்டு பெண்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பார்வையாளர் குறைவு, ஸ்பான்சர் குறைவு என்று சொல்லப்படும் காரணங்கள் தெரிந்தவைதாம். 1972-க்கு முன் செஸ்ஸுக்கே பார்வையாளர் கிடையாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொகை வந்தது, கேமராக்கள் பின்னால் வந்தன.

2012 பட்டப் போட்டிக்குச் சென்னை ஏலம் கேட்டது, கிடைக்கவில்லை. 2013-இல் நடத்தியது. 2024-க்கும் கேட்டது, சிங்கப்பூர் வென்றது. அடுத்த முறை பெண்கள் பட்டத்துக்கும் ஆண்கள் ஆடும் பட்டத்துக்கும் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே தொகை என்று எழுதிச் சென்னை கேட்கவேண்டும். ஃபிடே மறுக்க முடியாத ஏலமாக அது இருக்கும்.

அப்படிக் கேட்க வேறெந்த ஊரைவிடவும் சென்னைக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் தகுதிப் போட்டி நடந்தபோது சென்னையைச் சேர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகளான வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ஆளுக்கொரு பிரிவில் ஆடினார்கள். அக்காவும் தம்பியும் ஒன்றாகக் கேண்டிடேட்ஸ் ஆடியது அதுவே முதல் முறை. ஒரே கட்டடம், ஒரே பதினான்கு சுற்று. வைஷாலி கடைசி ஐந்து சுற்றிலும் தொடர்ச்சியாக வென்றார். தம்பி ஆடிய பிரிவுக்கு மொத்தப் பரிசு 5 லட்சம் யூரோ, முதலிடத்துக்கு 48,000. அக்கா ஆடிய பிரிவுக்கு இரண்டரை லட்சம், முதலிடத்துக்கு 24,000.